கையை நீட்டுங்க, டொக்டர்

கையைக் கழுவுங்கள் என்று படித்தவர்களுக்குச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில், சண்டை நடந்த வருடங்களில், எனக்குத் தந்த பதவியின் பெயர் தொற்றுத் தடுப்புத் தாதி. ஒரு நோயோடு வந்தவர் இன்னொரு வருத்தத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எனக்கென்று ஒரு வாட்டுக் கிடையாது. எல்லா வாட்டுக்கும் போவேன், எல்லாரிலும் பிழை பிடிப்பேன். நான் வருவதைக் கண்டால் தேநீர்க் கோப்பைகள் மருந்து மேசையை விட்டு இறங்கும், பேச்சு நிற்கும்.

பஸ்ஸில் "உள்ளுக்குத் தள்ளி நில்லுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிய கொண்டக்டர்மார், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும் ரீச்சர்மார், முற்றத்துச் சேற்றோடு வீட்டுக்குள் ஏறும் பிள்ளைகளை வாசலில் மறிக்கும் தாய்மார் எல்லாரும் என் இனம். நான் பட்டது உங்களுக்கு விளங்கும்.

கழுவாத கை

கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த சேர்ஜன் சத்திரசிகிச்சையில் கெட்டிக்காரர். மட்டக்களப்புக்கு மாற்றம் என்றால் மற்றவர்கள் தங்களுக்கு நெஞ்சுவலி இருப்பதாக எழுதிக் கொடுத்த காலத்தில், இவர் பெட்டியோடு வந்து இறங்கினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காலையில் வாட்டைச் சுற்றும்போது ஒரு கட்டிலில் புண்ணைத் தொட்டுப் பார்த்த அதே கையோடு அடுத்த கட்டிலுக்குப் போவார். தண்ணீர்க் குழாய் வாட்டின் கடைசி மூலையில். கரண்ட் இல்லாததால் மோட்டர் ஓடாது, மோட்டர் ஓடாததால் குழாயில் தண்ணீரும் வராது. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது.

ஒரு நாள் செம்பு, பேசின், சவர்க்காரம், துவாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். முதல் கட்டில் முடிந்ததும் பேசினை நீட்டினேன். "என்ன மிஸ், கலியாண வீடா?" என்று சிரித்துவிட்டு நடந்தார். அடுத்த கட்டிலில் கிரானிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வயல் வட்டையில் கதிர் வெட்டிக்கொண்டு நின்றபோது ஷெல் துண்டு தோளில் ஏறியிருந்தது. நான் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நேரமில்லை மிஸ், வழியை விடுங்க."

"கையை நீட்டுங்க, டொக்டர். கதைக்கிற நேரத்தில கழுவிடலாம்."

வாட்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் இறுகியது. என்னைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் மற்றப் பக்கம் போய், கட்டைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனார். அந்தப் பெண் தோளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, நல்ல மரியாதையாகச் சொன்னாள்: "என்ட புண்ணுக்கு அவசரமில்ல டொக்டர். நீங்க கழுவிட்டு வாங்க, நான் இஞ்சதான் இரிப்பன்."

கிடாரம்

சத்திரசிகிச்சைச் சாமான்களை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம் எங்களிடம் ஒன்று இருந்தது. அது கரண்டில் ஓடுவது. கரண்ட் நின்ற பிறகு ஜெனரேட்டர்தான், ஜெனரேட்டருக்கு டீசல் அளந்துதான் வரும். ஒபரேசன் தியேட்டருக்குள் போகும் கத்திகள் மட்டும் இயந்திரத்துக்கு, வாட்டுச் சாமான்களை அடுப்பில் வைத்து அவிப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு நெல் ஆலைக்காரரிடம் கேட்டு, நெல் அவிக்கிற பெரிய கிடாரம் ஒன்றை வாங்கினேன். தியேட்டருக்குப் பின்னால் கல் வைத்து, விறகு அடுக்கி, கிண்ணம், கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் தண்ணீரில் அமிழ்த்தி மூடினோம்.

அந்த நாட்களில் சுற்று ஊர்களில் ஷெல் விழுந்து இடம்பெயர்ந்த சனம் ஆஸ்பத்திரி விறாந்தையெல்லாம் பாய் விரித்துக் கிடந்தது. புகை எழும்பியதைக் கண்டார்கள், கிடாரத்தையும் கண்டார்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது நான் திரும்பிப் பார்த்தால், தட்டும் கோப்பையும் சிரட்டையுமாக ஒரு வரிசை. ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் சத்தம் போடவில்லை. பசித்த சனம் அவ்வளவு ஒழுங்காக நின்றது.

பின்னேரத்துக்குள் பக்கத்துக் கோயில்காரரிடம் அரிசி வாங்கி, வேறு ஒரு கிடாரத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அதற்கு முன், அன்று காலையில் அவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் மூடியைத் திறந்து காட்டினேன். வரிசையின் முன்னுக்கு நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். சிரிக்காமல் கேட்டார்: "இடுக்கியையும் கத்தரிக்கோலையும் அவிச்சு வச்சிரிக்கிறீங்களே புள்ள, இதுக்குக் கறி என்ன?"

ஒட்டுக் கை

இப்போது கையுறையை ஒரு தரம் போட்டுக் கழற்றி வீசுகிறார்கள். அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் என் கை தானாக அதை எடுக்கப் போகிறது. எங்கள் காலத்தில் கையுறையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்த்து, ஓட்டை இருந்தால் பழைய கையுறையில் வெட்டிய துண்டால் ஒட்டுப்போட்டு, கொடியில் காயவிட்டு, பவுடர் தடவி, திரும்பவும் கிருமி நீக்கி எடுப்போம். ஒட்டுப்போடாத கையுறை தியேட்டருக்கு, ஒட்டுப்போட்டது மற்ற இடங்களுக்கு. இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஒரு நாள் பிரசவ வாட்டில் ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார்கள். வவுணதீவுப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியிலும் பிறகு நடந்தும் வந்து சேர்ந்த பெண். வலி உச்சத்தில் நின்றபோதும் அவளுடைய கண் என் கையிலேயே இருந்தது. விரலிலும் உள்ளங்கையிலும் வேறு வேறு நிறத்தில் ஒட்டு. "என்ன மிஸி இது" என்றாள். "சுத்தமான கை. நீ முக்கு புள்ள" என்றேன். பெண் குழந்தை, நல்ல சத்தம். துடைத்து நெஞ்சில் வைத்ததும் அவள் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பவும் என் கையைப் பார்த்தாள். "உடுப்புக்கு ஒட்டுப்போட்டுப் பாத்திரிக்கிறன் மிஸி. கைக்கு ஒட்டுப்போட்டவங்களை இண்டைக்குத்தான் கண்டன்."

வெள்ளைப் பவுடர்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு மாரி வெள்ளம் வடிந்த பிறகு அங்கிருந்து ஆள் அனுப்பினார்கள். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் வந்து படுத்தவர்களுக்கெல்லாம் வயிற்றோட்டம் பிடிக்கிறது, பிள்ளைகள் வாடி விழுகிறார்கள் என்று. கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளம் அவர்களுடைய கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். குளோரின் பவுடர் ஒரு தகரம் எடுத்துக்கொண்டு, எங்கள் ஆஸ்பத்திரி அற்றன்டன் பாலிப்போடி என்பவரைச் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வவுணதீவு இராணுவச் சாவடியில் மறித்தார்கள். தகரத்தைத் திறந்த சிப்பாய் மூக்கை உள்ளே விட்டு, இருமிக்கொண்டு பின்னால் பாய்ந்தான். உடனே கோப்ரல் வந்தார். வெள்ளைப் பவுடர், கண் எரிகிறது, அக்கரைக்குப் போகிறது. அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. திரும்பிப் போகச் சொன்னார். பாலிப்போடி என் காதில், "போவம் மிஸி, சூடு வாங்காமப் போவம்" என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் அவருக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்து நான் சொன்னேன், இது கிணற்றுக்குப் போடுவது, பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்று. அவர் தலையை ஆட்டினார். விடமாட்டேன் என்பதற்கான ஆட்டல் அது.

சாவடிக்குப் பக்கத்தில் அவர்களுடைய சமையல் கொட்டில். சோற்றுப் பானையைச் சுற்றி ஈ. நான் அதைக் காட்டினேன். "இந்த ஈ காலமை அக்கரையில இருந்திரிக்கும். பின்னேரம் திரும்பியும் போகும். அதிட்ட நீங்க ஐடென்ரிக் காட் கேக்கேலாது. அங்க வாற வருத்தம் நாளைக்கு இஞ்ச வரும்" என்றேன். கோப்ரல் பானையைப் பார்த்தார். பிறகு வேலியோரம் இருந்த தங்கள் கிணற்றைப் பார்த்தார். அதற்குள்ளும் வெள்ளம் போயிருக்க வேண்டும். சிப்பாய்களில் யாருக்கோ ஏற்கனவே வயிறு சரியில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தகரத்தை மூடி என் கையில் தந்தார். அக்கரை ஆஸ்பத்திரியில் அந்தக் கிழமையே வயிற்றோட்டம் அடங்கியது. ஆனால் சாவடியை விட்டு எங்களைப் போக விடுவதற்கு முன் கோப்ரல் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான்: "நோனா, எங்கட கிணறுக்கும் கொஞ்சம் போட்டுட்டுப் போங்க."

பச்சைச் சீழ்

ஒரு மாரிகாலம், ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் ஆறிக்கொண்டு வந்த புண்கள் திரும்பவும் பழுதாகத் தொடங்கின. கட்டைப் பிரித்தால் பஞ்சில் பச்சை நிறம், அளவுக்கு மீறிப் பழுத்த பழம்போல ஓர் இனிப்பு மணம். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த புஸ்பம் சிஸ்டர், பார்க்க வருகிற சனம் கட்டிலில் குந்துவதால்தான் என்றார். சேர்ஜன் ஈ என்றார். நோயாளிகள் தங்களுக்குள் செய்வினை என்றார்கள்.

எல்லாரிலும் மோசமாகப் போனவர் தவராசா. வாவியில் இறால் பிடிக்கிறவர். முழங்காலுக்குக் கீழே ஷெல் துண்டு பாய்ந்து, எலும்பு பொருந்தி வரும் நேரத்தில் பச்சை பிடித்து, காய்ச்சல் ஏறியது. "இன்னும் கொஞ்ச நாள் பாப்பம். இறங்காட்டி முழங்காலோட எடுக்கத்தான் வேணும்" என்று சேர்ஜன் அவரிடமே சொன்னார். தவராசா போர்வையை விலக்கித் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோணியில் நின்றபடி கம்பு ஊன்றித் தள்ளுகிறவருக்கு ஒரு கால் எந்த மூலைக்குக் காணும்?

நான் ஒரு கதிரையைப் போட்டு வாட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்குப் பச்சை, யாருக்கு இல்லை என்று பார்த்தேன். தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கட்டு மாற்றியவர்களுக்கு ஒன்றுமில்லை. வாட்டில் வைத்து, தள்ளுவண்டியில் மருந்து கொண்டுவந்து கட்டு மாற்றியவர்களுக்குத்தான் எல்லாம். ஈ என்றால் இரண்டு பகுதியிலும் மொய்த்திருக்கும். ஆகவே வண்டியில்தான் ஏதோ இருக்கிறது. வண்டியில் ஒரு கண்ணாடிப் போத்தல், அதற்குள் கிருமிகொல்லி மருந்துத் தண்ணீர், அதில் நீள இடுக்கி ஒன்று நின்றது. சுத்தமான பஞ்சு, துணி எல்லாவற்றையும் அந்த இடுக்கியால்தான் எடுப்பார்கள். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் வழுவழுவென்று ஏதோ படிந்திருந்தது. லாப்பில் கொடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தோம். தவராசாவின் புண்ணில் இருந்த அதே பச்சை.

இனிக் கஷ்டமான பகுதி. புஸ்பம் சிஸ்டர் என்னிலும் மூத்தவர், கண்டிப்பானவர், அந்த வாட்டைத் தன் வீட்டைவிட நன்றாக வைத்திருந்தவர். துணி அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மருந்துத் தண்ணீரைத் தினம் வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக விட வேண்டும். அவர் ஊற்றவில்லை. குறையக் குறையத் தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறார்.

"லொறி வராத மாசத்திலயும் என்ட வாட்டில மருந்து முடிஞ்சுதெண்டு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். "மிச்சம் பிடிச்சு வச்சிருந்தன்."

"தெரியும் சிஸ்டர். மருந்து நீர்த்துப் போனா அதுக்குள்ளேயே கிருமி வளரும். அதுதான் நடந்திரிக்கி."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். மேலிடத்துக்குப் போய் என்னைப் பற்றி முறைப்பாடு செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலை வாட்டுக்குப் போனபோது, அவர் அந்தப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில்களுக்கு நடுவில் நின்றார். "உங்களை வருத்தினது இதுதான். வச்சிருந்தது நான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கக் கழிவுக் கானில் ஊற்றினார். அவரைவிடத் துணிவான ஆளை அந்தச் சண்டைக் காலம் முழுவதும் நான் காணவில்லை.

அன்றிலிருந்து இடுக்கியை அவித்து, மருந்தே இல்லாத உலர்ந்த பாத்திரத்தில் வைத்தோம். பச்சை மெல்ல மெல்ல மறைந்தது. தவராசாவுக்குக் காய்ச்சல் இறங்கி, புண் சிவந்து, மூடத் தொடங்கியது. சற்றே நொண்டி நொண்டி நடந்தாலும் தன் இரண்டு காலிலும்தான் வீட்டுக்குப் போனார். போகிற அன்று சேர்ஜன், சிஸ்டர், நான் மூவரும் வாசலில் நின்றோம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஊத்த வேண்டியது போத்தலை. நீங்க வெட்டப் பாத்தது என்ட காலை."

உள்ளே வரக்கூடாது

பாதைகள் மூடிக் கிடந்ததால் காயம்பட்டுப் பிந்தி வந்து சேர்ந்த ஓர் இளைஞன். தொடைத் தசை அழுகி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்களுடைய புண்ணுக்குத் தொற்றாமல் அவனைக் கடைசி அறையில் தனியாகப் போட்டு, கதவில் "உள்ளே வரக்கூடாது" என்று எழுதி ஒட்டியிருந்தோம். சேர்ஜன் செய்யக்கூடியதெல்லாம் செய்துவிட்டார். அவன் உயிர் தப்பமாட்டான் என்று எங்களுக்குத் தெரியும்.

அவனுடைய தாய் தேற்றாத்தீவிலிருந்து வந்து, சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு எதிரே நிலத்தில் இருந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கதவு திறக்கும்போது மட்டும் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். கதவில் இருந்த சட்டத்தை எழுதியது நான். அது எதற்கு என்றும் எனக்குத்தான் தெரியும். நான் தடுக்க வேண்டியது கிருமியை, தாயை அல்ல. அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய், சேலைக்கு மேலே அங்கி கட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு நானே கழுவிவிட்டேன். சாப்பாட்டுப் பார்சலோடு உள்ளே போக விட்டேன். வெளியே வந்ததும் திரும்பவும் கழுவிவிட்டேன். பக்கத்து வாட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. மகன் அடுத்த நாள் இறந்துபோனான். கதவில் இருந்ததைக் கிழித்துவிட்டு, "தாதியைக் கேட்டு, கழுவிவிட்டு வரலாம்" என்று எழுதி ஒட்டினேன்.

சில காலம் கழித்து அவள் ஒரு பை நிறைய மாங்காயோடு என்னைத் தேடி வந்தாள். போகும்போது தன் இரண்டு கையையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். "நீங்க கழுவிவிட்ட கையாலதான் மிஸி, அவனுக்குக் கடைசியாச் சோறு தீத்தினன்."

மூன்று மொழி அறிவித்தல்

விறாந்தையில் தங்கியிருந்த சனத்துக்குள் ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் நீர்க்கொப்புளமாய்க் கொப்புளிப்பான் போட்டது. பிறகு அதன் அக்காவுக்கு. அந்த விறாந்தையின் மறுமுனையில் பிரசவ வாட். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அந்த வருத்தம் தொற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஆகவே நித்திரை இல்லை. ஒரு சாமான் அறையைக் காலியாக்கி, பிள்ளைகளைத் தாயோடு அதற்குள் விட்டு, தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் அறிவித்தல் ஒட்டினேன். மூன்று மொழியிலும் ஒருவரும் வாசிக்கவில்லை. சொந்தக்காரர் போனார்கள், தேநீர் கொண்டு ஆட்கள் போனார்கள், யாரென்றே தெரியாத ஒருவர் உள்ளே போய்ச் சுவரோரம் படுத்துக்கூட இருந்தார்.

நான் மெதடிஸ்தக் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் கொப்புளிப்பானை எங்கள் ஊரில் என்ன பெயரால் சொல்வார்கள் என்று தெரியாதவள் அல்ல. அது அம்மாள் வருத்தம். அம்மாள் வந்திருக்கிற வீட்டுக்குள் கண்டவர்களும் போகமாட்டார்கள். அறிவித்தலைக் கழற்றிவிட்டு, வளவில் நின்ற வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக முறித்து வந்து கதவு நிலையில் கட்டினேன். நான் ஸ்டூலில் ஏறி நின்று கட்டுவதைக் கண்டு எங்கள் கோயில் அன்ரி ஒருவர் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மத்தியானத்திலிருந்து அந்த வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. சாப்பாடு வெளியே வைக்கப்பட்டது. கடந்து போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிரசவ வாட்டுக்குள் கொப்புளிப்பான் நுழையவே இல்லை.

சேர்ஜன் அந்தப் பக்கம் வந்தபோது வேப்பிலையையும் வெறிச்சோடிக் கிடந்த வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கம் சொன்னேன். ஓய்வில்லாமல் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் யோசித்துத்தான் கேட்டார்: "மிஸ், என்ட குவாட்டர்ஸ் வாசலிலயும் ஒரு கொத்துக் கட்டிவிடேலுமா? ஞாயிற்றுக்கிழமையாவது ஒருத்தரும் வந்து கூப்பிடமாட்டினம்."

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்தக் காலத்திலும் யாராவது கும்பிட்டுக்கொண்டு வந்தால் முகத்தை விட்டு நகத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன், அதற்காக என்னோடு கோபித்துக்கொண்ட சொந்தக்காரர் பலர் இருந்தாலும் என் வீட்டில் சாப்பிட்டு வயிற்றோட்டத்தில் விழுந்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.